தெற்குக் காற்றும் நான் மடக்கிய தகரமும்

காற்றை அடக்குவது என்று 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தீர்மானித்தேன். மனைவியை அடக்குவது பற்றி எந்தக் காலத்திலும் தீர்மானித்ததில்லை. எனக்கும் ஓரளவு புத்தி உண்டு. காற்றென்றால் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

நாங்கள் ஒக்லண்டுக்கு வந்து இரண்டு வருடம். பிளாக்ஹவுஸ் பேயில் இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம். வீட்டைப் பார்க்க வந்த அன்று பத்மாவதி குசினியைப் பார்த்தாள், அலுமாரிகளைத் திறந்து பார்த்தாள். நான் ஹோலில் இருந்த விறகு அடுப்பைப் பார்த்தேன். கறுத்த இரும்பு. கண்ணாடிக் கதவு. கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் புகைக்கூடு. மின்சார ஹீட்டர் ஒன்று வாங்கினால் போதாதா என்று அவள் கேட்டாள். மின்சார ஹீட்டரில் என்ன எஞ்சினியரிங் இருக்கிறது என்று நான் கேட்டேன். அடுப்போடு சேர்த்து வீடு எங்களுடையதாயிற்று.

அடுப்பு நல்ல அடுப்புத்தான், டிவியில் 'சதர்லி' என்று சொல்லாத நாட்களில். சதர்லி என்ற அந்தத் தெற்குக் காற்று அடித்தால் மட்டும், வெளியே போகப் புறப்பட்ட புகை பாதி வழியில் யோசனையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிவிடும். அலார்ம் கத்தும். பத்து வயது மகள் நிருஜா தன் அறைக்குள் இருந்து "டாட், இட்ஸ் டூயிங் இட் அகெய்ன்!" என்று கத்துவாள். பத்மாவதி யன்னல்களைத் திறப்பாள். புகை போகாது, சூடு மட்டும் போகும். எரிகிற அடுப்புக்கு முன்னால் போர்வைக்குள் இருந்து நடுங்கிய குடும்பம் நியூசிலாந்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான்.

"இஞ்சையப்பா, பக்கத்து வீட்டு ஜக்தீஷிட்டச் சொல்லுவமே? அவர் கூரை வேலைதானே செய்யிறார்."

"கூரை வேலை செய்யிறவருக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும்?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"பத்மா, நான் ஆர்?"

"ஏன், அதுவும் மறந்துபோச்சே? சோதிலிங்கம்."

"என்ன சோதிலிங்கம்?"

"எஞ்சினியர் சோதிலிங்கம்," என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று தரம் இருமினாள்.

இதில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஊரில் நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினெட்டு வருடம் எஞ்சினியராக இருந்தவன். குளக்கட்டு, மதகு, வாய்க்கால் எல்லாம் என் கையெழுத்தில் எழும்பின. இங்கே விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். அங்கே என் பெயர் 'சோத்'. எஞ்சினியர் வேலைக்கு நான் போட்ட விண்ணப்பங்கள் எல்லாவற்றுக்கும் மிக மரியாதையாக 'இல்லை' என்று பதில் வந்தது. இந்த நாட்டில் என்னை எஞ்சினியர் என்று சொல்ல மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய். அதுவும் இப்போது இருமிக்கொண்டிருந்தது.

"ஒரு கிழமை தாரும்," என்றேன். "அதுக்குள்ள புகை நிக்காட்டி என்னை எஞ்சினியர் எண்டு சொல்லவேண்டாம். ஜக்தீஷைக் கூப்பிடும்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

சனிக்கிழமை மத்தியானம் கூரையில் ஏறினேன். ஏணி ஜக்தீஷுடையது. கூரையோரத்து மழைநீர்ப் பீலி துப்புரவாக்க என்று பொய் சொல்லி வாங்கினேன். நோய் என்னவென்று முதல் நாளே தாளில் கோடு கீறிக் கண்டுபிடித்திருந்தேன். எங்கள் புகைக்கூடு கூரை முகட்டைவிடத் தாழ்வு. தெற்குக் காற்று முகட்டில் ஏறி, மறுபக்கம் உருண்டு, நேரே புகைக்கூட்டின் வாய்க்குள் விழுகிறது. ஆகவே தெற்குப் பக்கத்தில் ஒரு தகரத்தை வளைத்து மறைப்புக் கட்டினால் காற்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். தெற்கு எது? திசைகாட்டி வேண்டியதில்லை. குளிர்காலத்தில் மத்தியானச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். வன்னியில் ஒரு தை மாதமாவது சர்வே செய்த எவனுக்கும் இது தெரியும். சூரியன் நின்ற பக்கமாகத் தகரத்தை வைத்து முடுக்கினேன்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்மாவதி கத்தினாள். "அந்தப் பக்கம் சரியோப்பா?"

"நீர் ஏணியைப் பிடியும். திசையை நான் பிடிக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை சதர்லி அடித்தது. இதுவரைக்கும் புகை எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோனது. அன்று குடியிருக்க வந்தது. டிவி தெரியவில்லை. நிருஜா சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"தகரம் இன்னும் செட் ஆகேல்லை, பத்மா."

"செட் ஆகிறதுக்குத் தகரம் என்ன சீமெந்தே?"

"ரெண்டு மூண்டு நாள் காற்றுப் பட்டால் தன்ர இடத்தில இருந்திடும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்தாள்.

புதன்கிழமை வேலையால் வந்தேன். வெளியே தெற்குக் காற்று வேலிப் பலகைகளை ஆட்டிக்கொண்டிருந்தது. பயந்து பயந்து கதவைத் திறந்தேன். உள்ளே அடுப்பு நின்று நிதானமாக எரிந்தது. ஒரு நூல் புகை இல்லை. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து தீயைப் பார்த்துச் சிரித்தேன். பத்மாவதி டொரோன்டோவில் இருக்கும் தங்கச்சியோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். "ஓமடி, இவர்தான் தனியச் செய்தவர். எஞ்சினியரெல்லோ!" அதை இன்னொருதரம் கேட்கலாம் என்று தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஃபோனுக்குப் பக்கத்தால் இரண்டு முறை போய்வந்தேன்.

"நாளைக்கு மேல ஏறி, எப்பிடி வேலை செய்யுதெண்டு பாக்கவேணும்," என்றேன்.

"ஐயோ, வேண்டாம். வேலை செய்யிற சாமானை ஏன் தொடுவான்? ஏணியையும் திருப்பிக் குடுத்திட்டன்."

என் உயிர்மேல் அவளுக்கு இருந்த அக்கறையை நினைத்து உருகினேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் தேநீர் வரிசையில் முன்னால் நின்றவருக்கும் சொன்னேன், பின்னால் நின்றவருக்கும் சொன்னேன். முன்னால் நின்ற ஆனந்தராசா வீட்டிலும் இதே புகை. அடுத்த ஞாயிறு போய்த் தகரம் வைத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் அவர் ஃபோன் எடுத்தார். "சோதி, நீ மனுசன் இல்லையடாப்பா, தெய்வம்!" எல்லர்ஸ்லியில் இருக்கும் சதாசிவம் பெரிய கணக்காளர். என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவர். அவரே வீட்டுக்கு ஃபோன் எடுத்து "எஞ்சினியர் நிக்கிறாரோ?" என்று கேட்டார். அன்று இரவு நான் சோறு குறைவாகத்தான் சாப்பிட்டேன். அந்தச் சொல்லே வயிற்றை நிரப்பிவிட்டது.

ஞாயிறு சதாசிவம் வீட்டிலும் வேலை முடிந்தது. திரும்பி வந்து பார்த்தால் மட்டம் பார்க்கும் என் ரசமட்டத்தைக் காணோம். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சாமான் அது. செவ்வாய்க்கிழமை வேலை மூன்று மணிக்கு முடிந்ததும் விரியிலிருந்து நேரே எல்லர்ஸ்லிக்குப் போனேன்.

சதாசிவம் வீட்டுப் புல்தரையில் என் தகரம் கிடந்தது. கூரைமேல் ஜக்தீஷ் நின்றார்.

ஜக்தீஷின் பாட்டனார் காலத்திலேயே குடும்பம் ஃபிஜிக்குப் போய்விட்டது. தமிழில் அவருக்கு வணக்கமும் சாப்பாட்டுப் பெயர்களும்தான் மிச்சம். ஆங்கிலத்தில் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

"மிஸ்டர் சோதி! சரியான நேரத்தில் வந்தீர்கள். இந்தத் தகரத்தை எடுத்துக்கொண்டு போகிறீர்களா?"

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"வழக்கமான வேலைதான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்து வைப்பீர்கள், செவ்வாய்க்கிழமை நான் வந்து முடிக்கவேண்டும் என்று மிஸஸ் சோதி சொன்னாரே. இது மூன்றாவது வீடு."

புகைக்கூட்டின் தலையில் அவர் பூட்டியிருந்த தொப்பி காற்றுக்கு முதுகைக் காட்டித் தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது. எந்தப் பக்கத்துக் காற்றும் அதன் வாய்க்குள் நுழைய வழியில்லை.

"ஒன்று மட்டும் விளங்கவில்லை," என்றார் ஜக்தீஷ். "தகரத்தை ஏன் எல்லா வீட்டிலும் வடக்கே வைக்கிறீர்கள்? தெற்குக் காற்று அதில் மோதி நேரே உள்ளே போகிறது."

"வடக்கா? சூரியன் நின்ற பக்கம்தானே வைத்தேன்."

அவர் சூரியனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னார். "இந்த நாட்டில் மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும், மிஸ்டர் சோதி."

பதினெட்டு வருட எஞ்சினியரான நான் சதாசிவத்தின் புல்லில் குந்திவிட்டேன்.

"அப்படியென்றால் என் வீட்டில்?"

"அதுதான் முதல் வேலை. உங்கள் தகரத்தைக் கழற்றி எறிவோமா என்று கேட்டேன். எறியவேண்டாம், காற்றுப் படாத பக்கம் தொப்பியை மறைத்தமாதிரிப் பூட்டிவிடுங்கள், அவர் தினமும் வேலைக்குப் போகுமுன் நிமிர்ந்து பார்க்கிறவர் என்று சொன்னார் உங்கள் மனைவி."

வீட்டுக்குக் காரோட்டும்போது கோபம் வரட்டும் என்று பார்த்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. மூன்று மாதம் அவளைப் புகையில் இருத்தினேன், ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லை எனக்குத் தருவதற்காக அவள் எத்தனை பேருக்கு ஃபோன் எடுத்தாளோ, எத்தனை பொய் சொன்னாளோ. நான் ஒழுங்காக அன்றைக்கே அயலவரைக் கூப்பிட்டிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிராது.

"ரசமட்டம் கிடைச்சுதே?" என்று கேட்டாள் பத்மாவதி.

"ஜக்தீஷையும் கண்டனான்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆனந்தராசாவின்ர மனுசிக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"சதாசிவத்தின்ர மனுசிக்கு?"

"அவதான் செவ்வாய்க்கிழமை எண்டு நாள் சொன்னவ."

"அவையின்ர மனுசன்மாருக்கு?"

"அவையளுக்கு ஏன்? அவையள் உங்களை நம்பிக்கொண்டு சந்தோசமா இருக்கினம்."

"ஏன் பத்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"முதல் சொல்லத்தான் இருந்தனான். அண்டைக்குப் புதன்கிழமை வந்து நெருப்பைப் பாத்துச் சிரிச்சியள். இந்த நாட்டுக்கு வந்தாப்பிறகு உந்தச் சிரிப்பை நான் காணவேயில்லை. அதைப் பறிக்க எனக்கு மனம் வரேல்லையப்பா."

எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை, வீடு அவ்வளவு துப்புரவாக இருந்தது. அவள் கையைப் பிடித்தேன். "இனி என்னை எஞ்சினியர் எண்டு சொல்லவேண்டாம்," என்றேன். அவள் பதில் சொல்லுமுன் ஃபோன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டுக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஜெயரட்ணம் அண்ணை. அவையின்ர வீட்டிலயும் புகையாம். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர் வர ஏலுமோ எண்டு கேக்கிறார்."

அந்தச் சொல் திரும்பவும் காதில் விழுந்தது. நான் நிமிர்ந்தேன். இந்தமுறை வடக்கு எது, தெற்கு எது என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டிலாவது என் கையால் ஒழுங்காகச் செய்துவிட்டால் போதும், இவள் முகத்தை நேரே பார்ப்பேன்.

"வாறன் எண்டு சொல்லும், பத்மா. இந்தமுறை பாரும், சரியாச் செய்து காட்டிறன்."

"ஐயோ, சரியாச் செய்துபோடாதேங்கோ!" என்றாள் பத்மாவதி. "அவையின்ர மனுசி காலமையே ஃபோன் எடுத்தவ. ஜக்தீஷைச் செவ்வாய்க்கிழமைக்கு வரச்சொல்லியாச்சு."