ஒரு மடக்கு அமிலம்

அன்புள்ள சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, தம்பி மூவரும் நலம். என்னைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்தை மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை வேதியியல் ஆய்வகத்தில், திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சிவிட்டேன். ரப்பர் பந்தை மாட்டித்தான் உறிஞ்ச வேண்டும். எங்கள் மேசைக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அது பக்கத்து இருக்கைக்காரியிடம் இருந்தது, அவள் "முடிச்சுட்டுத் தரேன், பறக்காதடி" என்று சொல்லிச் சொல்லியே கடைசி ஐந்து நிமிடம் வந்துவிட்டது. நான் உறிஞ்சிய வேகத்தில் ஒரு மடக்கு அமிலம் உள்ளே போய்விட்டது. புளித்த மாதிரி இருந்தது. உடனே மணி அடித்துவிட்டது. வாய் வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கு வருடம் முழுக்க ஆய்வகம் கிடையாது என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்ததால், வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது உயிரியல் வகுப்பு. அன்றைக்கென்று பார்த்து, உடம்பில் அமிலம் அதிகமானால் என்ன ஆகும் என்று நடத்தினார்கள். இரத்தம் எப்போதும் கொஞ்சம் காரத்தன்மையோடு இருக்க வேண்டுமாம், சற்று மாறினாலும் ஆபத்தாம். அதனால் சமையல் சோடாவின் இனத்தைச் சேர்ந்த ஒன்று இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, அமிலம் வந்ததும் பிடித்துத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும், வாயுவை நுரையீரல் வெளியே தள்ளிவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம், உடம்பில் தினமும் உண்டாகும் அமிலத்தோடு சேர்த்து, நிதானமாக இரண்டு மூன்று நாளில் வெளியேற்றும், அதற்கும் அடங்காமல் அமிலம் நீடித்தால் எலும்பு தன் உப்பைக் கரைத்துக் கொடுத்து ஈடுகட்டும். வகுப்பே கொட்டாவி விட்டது. நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.

நுரையீரலுக்கு உதவலாம் என்று கணக்கு வகுப்பில் வேகவேகமாக மூச்சு விட்டேன். விரல் மரத்து, உதடு குறுகுறுத்து, கண் இருட்டி, பக்கத்து இருக்கைக்காரி மேல் சாய்ந்தேன்.

"என்னம்மா, முதல் கணக்குக்கே மூச்சு வாங்குது?" என்றார் கணக்கு சார்.

ஆய்வகத்திலிருந்து ஒரு லிட்மஸ் தாள் கட்டை எடுத்து வந்து (திருப்பி வைத்துவிடுவேன்) மூன்று நாளாகச் சிறுநீரைச் சோதிக்கிறேன். அமிலம் பட்டால் சிவக்கும் நீலத் தாள் ஒவ்வொரு முறையும் சிவக்கிறது. எலும்பு கரைகிறதா என்று பார்க்கக் கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு என் உயரத்தை அளந்தேன். காலையில் இருந்ததைவிட மாலையில் அரை விரற்கடை குறைந்திருக்கிறேன். "ஒரே நாள்ல வளர்ந்துடுவியா? தள்ளு, வழியை விடு" என்றாள் அம்மா. நான் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பள்ளிக்கூடத்தில் வந்து நிற்பாள், எனக்கு ஆய்வகம் போய்விடும்.

ஆகவே சித்தி, ஞாயிற்றுக்கிழமை வரும்போது நீங்கள் வேலை பார்க்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஊசியும் குழாயும் கொண்டு வந்து, யாருக்கும் தெரியாமல் என் இரத்தத்தை எடுத்துப் பாருங்கள். முடிவு எப்படி இருந்தாலும் என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் வண்ணப் பென்சில்கள் சேரட்டும். உங்கள் ஆசி எனக்கு வேண்டும், இந்த வாரமே வேண்டும்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: அமிலத்தின் பெயரை நீங்கள் கேட்பீர்களே என்று செய்முறை நோட்டைத் திறந்தேன். முதல் வரி, "பிப்பெட்டைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவவும்." மணி அடிக்கும்போது நான் முதல் வரியில்தான் இருந்தேன். குடித்தது வெறும் தண்ணீர். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. ஆனால் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால், மூன்று நாளாகத் தாளைச் சிவக்க வைக்கிற அமிலம் என்னுடையதேதான். ஞாயிறு வரை தாங்காது சித்தி, கடிதம் கிடைத்த அன்றே வாருங்கள்.