பாண்டி பஜாரில் கண்ணைக் கட்டிக்கொண்டு

இருபத்தோரு வயதில் ஊருக்கு உபகாரம் செய்தே தீருவது என்று கிளம்புகிறவனை வீட்டார் கொஞ்ச நாள் உள்ளே பூட்டி வைப்பது நல்லது. என்னை யாரும் பூட்டவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருட மாணவன். நண்பன் அன்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். பிறவியிலேயே அவனுக்குப் பார்வை கிடையாது, கைத்தடியோடு தி.நகர் முழுக்கத் தனியாகச் சுற்றுவான். ஒருநாள் நின்றிருந்த லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மூங்கிலில் மோதி, நெற்றியில் தையலோடு வந்தான். தடிக்குத் தரை தெரியும், மூங்கில் தெரியாது.

அன்றே கருவி செய்ய உட்கார்ந்தேன். பழைய ரேடியோ சாமான்களை ஒரு டிபன் பாக்ஸில் அடைத்து மார்பில் மாட்டிக்கொள்ள வேண்டியது. (டிபன் பாக்ஸை அம்மா வெகுநாள் தேடினாள்.) காதுக்கு எட்டாத ஒலியை அது முன்னால் அனுப்பும். எதிரே ஏதாவது இருந்தால் ஒலி பட்டுத் திரும்பி, ஹெட்போனில் 'கீ' என்று கத்தும். கத்தவில்லையென்றால் வழி காலி.

அன்வர் அதைத் தடவிப் பார்த்தான். "முதல்ல நீ கண்ணைக் கட்டிக்கிட்டு நடடா. முழுசா திரும்பி வந்தா நான் மாட்டிக்கறேன்."

பாண்டி பஜார் நடைபாதையில், சாயங்கால நேரத்தில் நடந்தேன்; பின்னால் தடியோடு அன்வர். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில். கண்ணில் அப்பாவின் அங்கவஸ்திரம். விளக்குக் கம்பத்துக்குக் கத்தியது; விலகினேன். தள்ளுவண்டிக்குக் கத்தியது, விலகினேன். பிறகு அமைதி. வழி காலி என்று நெஞ்சை நிமிர்த்தி வேகமாக நடந்தேன்.

துணி ஒலியை விழுங்கிவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். (பரீட்சையிலும் எழுதியிருந்தேன்.) வாசலில் தொங்கிய புடவைகளுக்குள் புகுந்து, கடை மெத்தையில் கால் தடுக்கி, கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்த ஒருவர் மடியில் விழுந்தேன். கருவி அப்போதுதான் கத்தியது.

"ஐயோ பாவம், கண்ணு தெரியாத பிள்ளையாட்டம் இருக்குதுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"ஏ, தம்பிக்கு ஒரு சோடா வாங்கிட்டு வாலே" என்று பையனை விரட்டினார் கடை முதலாளி.

கண்கட்டை அவிழ்க்கத்தான் கை போனது. சோடா என்றதும் நின்றுவிட்டது. பாதி குடித்திருப்பேன், வாசலில் தடி தட்டும் சத்தம் கேட்டது.

"சார், டிபன் பாக்ஸோட ஒருத்தன் உள்ள வந்தானா? என் ஃப்ரெண்டுதான். அவனுக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

யாரோ என் கையிலிருந்து சோடாவை வாங்கிக்கொண்டார்கள்.

"அப்ப இன்னாத்துக்கு நைனா கட்டிகினு கீறே?" என்று கேட்டார் கடைச் சிப்பந்தி.

கண்கட்டை அவிழ்த்தும் பயனில்லை. விழுந்ததில் கண்ணாடி நொறுங்கியிருந்தது. அது இல்லாமல் எனக்கு பஸ்ஸே புகைமூட்டமாகத்தான் தெரியும். அன்வர்தான் முழங்கையைப் பிடித்து, பஸ் ஏற்றி, மயிலாப்பூர் வரை கொண்டுவந்து விட்டான்.

இப்போது அவன் ஓய்வுபெற்ற வக்கீல். இன்றைக்கும் சேர்ந்து ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, போக்குவரத்துக் காவலரிடம், "கொஞ்சம் வண்டிய நிறுத்துங்க சார், இவருக்குப் பார்வை கிடையாது" என்பான். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். நான் மறுப்பதில்லை. வண்டிகள் நிற்கின்றன.