கம்பிப் பதத்துக்கு வந்த கியர்பாக்ஸ்

திங்கட்கிழமை

கர்த்தருக்குள் அன்பான மகன் லோனிக்கு,

பெரியம்மா வெர்லீன் எழுதும் கடிதம். ஆண்டவருடைய கிருபையினால் நானும் என் முழங்கால் வலியும் பதினொரு கோழிகளும் நலமாக இருக்கிறோம். ஒஹாயோவில் நீயும் டிரினாவும் குழந்தையும் சுகமாக இருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஆகவே உட்கார்ந்து வாசி.

விஷயம் என்னவென்றால், ஈஸ்டருக்கு வந்தபோது நீ எண்ணெய் மாற்றிவிட்டுப் போனாயே நம்முடைய சின்ன டிராக்டர், அதன் கியர்பாக்ஸ் கொதிக்கிறது. எஞ்சின் இல்லை. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவிலேயே நிற்கிறது, அது நிரபராதி. சீட்டுக்குக் கீழே இருக்கிற கியர்பாக்ஸ்தான் குற்றவாளி. மலைமேல் நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட ஏறினால் இருபது நிமிடம் ஒழுங்காகப் போகிறது. அப்புறம் ஊளையிட ஆரம்பிக்கிறது, பெடலை எவ்வளவு மிதித்தாலும் மேட்டில் நகரமாட்டேன் என்கிறது, கருகின வாசனை வேறு. விரலில் எச்சில் தொட்டு வச்சுப் பார்த்தேன், சுர்ருன்னுது. ஒரு மணி நேரம் ஆறப் போட்டா நல்ல பிள்ளையாட்டம் மறுபடி கிளம்புது. இருபது நிமிஷம். திரும்ப ஊளை.

கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறுக்கு இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு. ஒஹாயோ, மிச்சிகன்னு போன சனமெல்லாம் வறுத்த கோழியும் பூச்செண்டுமா வந்து இறங்கும்போது, அவங்கவங்க தாய் தகப்பன் முழங்காலளவு புல்லுக்குள்ள கிடந்தா எப்படி இருக்கும்? அதையாவது பொறுத்துக்கலாம். உன் பெரியப்பாவோட தம்பி ஹோபார்ட் இருக்கானே, அவன் போன புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிஞ்சதும் எழுந்து நின்னு, "வருஷா வருஷம் இதே பாடுதான். மருந்தடிச்சுப் புல்லைக் கொன்னுட்டு ஜல்லி கொட்டிடலாம். ஜல்லிக்கு யாரும் முடி வெட்ட வேண்டியதில்ல"ன்னு சொன்னான். நாலு பேரு "ஆமென்" வேற சொன்னாங்க. வர்ற புதன்கிழமை முடிவெடுக்கிறாங்க. லோனி, உன் பெரியப்பா கிளோவிஸ் வாழ்நாள் பூரா செருப்பில்லாம புல்லுல நடந்த மனுஷன். அவர் போன ஆறு வருஷமா அந்தப் புல்லை நான்தான் வெட்டுறேன். அவர் கல்லறைக் கல்லுல பக்கத்துலயே என் பேரையும் வெட்டியாச்சு, போற தேதி மட்டும்தான் பாக்கி. அப்போ ஜல்லி எனக்கும் சேர்த்துத்தானே? நான் விடமாட்டேன். இதை நல்லா மனசுல வச்சுக்கிட்டு மேல படி.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, ஹோபார்ட் ஓட்டினா அந்த வண்டிக்குச் சூடே ஏறுறதில்ல. வியாழக்கிழமை ஏறி உட்கார்ந்து, கீழ்ப் பாதி முழுக்க முக்கால் மணி நேரம் வெட்டிட்டு, பல் குத்திக்கிட்டே இறங்கினான்.

"அண்ணி, வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஓட்டுற ஆளுக்குத்தான் சூடு."

"ஹோபார்ட், நீ என்னை மாதிரி ரெண்டு ஆள் கனம். கனத்துல சூடாகும்னா உன் கீழ தீப்பிடிச்சிருக்கணும்."

"அதைத்தான் சொல்றேன். கனத்தால இல்ல, கைப்பக்குவத்தால."

கைப்பக்குவமாம்! வெந்நீர் வைக்கத் தெரியாதவன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வியாதியைக் கண்டுபிடிக்காம விடுறதில்லன்னு. வண்டியோட புஸ்தகத்தை எடுத்தேன், கண்ணாடியை மாட்டினேன், கிறிஸ்துமஸுக்கு மிட்டாய் காய்ச்சுற தெர்மாமீட்டரையும் எடுத்துக்கிட்டு மலை ஏறினேன். முதல்ல எண்ணெய் அளவு. குச்சியை உருவித் துடைச்சு மறுபடி விட்டுப் பார்த்தேன், சரியா கோட்டுல நிக்குது. அடுத்தது பிரேக் பிடிச்சிருக்கான்னு பார்க்கணும்னு போட்டிருந்துது. ஜாக்கி வச்சு பின்சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரல்ல போட்டுச் சுத்தினா ராட்டினமாட்டம் சுத்துது. வேகத்துக்குன்னு முயல் படம் போட்ட பக்கம் லீவரை வச்சு மேடு ஏறினா கொதிக்குமாம். நான் ஆமைப் பக்கத்தைத் தவிர வேற தொட்டதே இல்ல. வயசு என்ன, முயல் என்ன. கியர்பாக்ஸைச் சுத்தி அடைச்சிருந்த காஞ்ச புல்லையெல்லாம் கரண்டியால சுரண்டினேன். உள்ள ஒரு எலிக்கூடு, அத்தனையும் ஞாயிறு பள்ளிப் பாடத்தாளைக் கிழிச்சுக் கட்டினது. இவ்வளவும் முடிச்சு ஏறி ஓட்டினா இருபது நிமிஷத்துல ஊளை. தெர்மாமீட்டரை வச்சேன், இருநூத்து முப்பது ஃபாரன்ஹீட். சரியா கம்பிப் பதம்! இன்னும் ஆறேழு டிகிரி போனா உருட்டுப் பதம், நாலு முந்திரி போட்டு இறக்கிடலாம். ஹோபார்ட் ஓட்டி இறங்கினப்ப வச்சுப் பார்த்தா நூத்து நாப்பது, பாகு கரையக்கூட இல்ல. அவன் காலையில ஓட்டினான்னு நானும் காலையில ஓட்டினேன். அவனை மேட்டுக்கும் அனுப்பிப் பார்த்தேன். அவனுக்கு நூத்து நாப்பது, எனக்குக் கம்பிப் பதம். இது ஒண்ணுதான் எனக்கு இன்னும் பிடிபடல.

சனிக்கிழமை பாஸ்டர் எஸ்டிலைக் கூட்டிட்டுப் போனேன். மனுஷன் ஜெபத்துல உட்கார்ந்தா சாப்பாட்டு நேரம் தாண்டிடும், உனக்கே தெரியும். "சிஸ்டர், கை வச்சு ஜெபிப்போம்"னார். நான் "பாஸ்டர், சூடு..."ன்னு சொல்றதுக்குள்ள வச்சுட்டார். "ஆண்டவரே ஆமென்!" அவ்வளவுதான். முப்பது வருஷ ஊழியத்துல அவர் பண்ணின ஜெபங்கள்ல அதுதான் சின்னது. கைக்கு வெண்ணெய் தடவி அனுப்பிவச்சேன்.

அவர் நல்லவர். அந்த ஈஸ்டர் வாரக் கூட்டத்துல அடக்கமான உடையைப் பத்தி அவர் பேசினதைக் கேட்டுத்தானே எங்க சபைப் பொம்பளைங்க எல்லாம் பாவாடைக்குக் கீழ ஒரு சாண் பட்டி வச்சுத் தைச்சோம். அந்தப் புதுப் பட்டிக்கும் இந்த டிராக்டர் எமன். முன்பக்கம் கட்டம் கட்டமா கரிக்கோடு. சோடா போட்டு ரெண்டு தடவை துவைச்சுட்டேன், போகமாட்டேங்குது.

சரி, எல்லாத்தையும் கழிச்சாச்சு. அளவு இல்ல, பிரேக் இல்ல, முயல் இல்ல, குப்பை இல்ல. மிச்சம் என்ன இருக்கு? நீ ஊத்தின எண்ணெய். மஞ்சள் வாளியில கொண்டுவந்தியே, "எல்லா வண்டிக்கும் ஆகும் பெரியம்மா"ன்னு சொல்லி. எல்லாருக்கும் ஆகும்கிற மருந்து யாருக்குமே ஆகாது லோனி. நீ ஈஸ்டருக்கு ஊத்தினே, அதிலிருந்துதான் கொதிக்குது. இதைவிட என்ன ருசு வேணும்? உன்மேல எனக்குக் கோபம் இல்ல. நேத்து ஆராதனையில உன் பேரை ஜெபக்குறிப்புல கொடுத்துட்டேன், "லோனி, எண்ணெய் விஷயத்தில் உண்மையுள்ளவனாயிருக்கும்படி". சபையே எழுந்து நின்னு ஜெபிச்சுது. உன் பழைய வாத்தியாரம்மா அழுதே போயிட்டாங்க.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த கையோடு, சரியான எண்ணெயும் ஃபில்டரும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமைக்குள் வந்து சேரவும். நீ வருகிறாய் என்று புதன்கிழமை சபைக்கு முன்பாக வாக்குக் கொடுக்கப் போகிறேன். டிரினாவுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உன் கைவேலையையும் உன் பட்டறையிலுள்ள எண்ணெய் வாளிகள் அனைத்தையும் ஆசீர்வதித்து, அவற்றில் எது எதற்கு என்று உனக்கு வெளிப்படுத்துவாராக.

இப்படிக்கு, உன்னை மன்னித்துவிட்ட
பெரியம்மா வெர்லீன்

பி.கு. செவ்வாய் காலை. மேல எழுதினது எதையும் படிக்காதே. படிச்சிருந்தா மறந்துடு. கவரை ஒட்டி, வாசல் தபால் பெட்டியில வச்சு, தபால் இருக்குன்னு காட்டுற சிவப்புக் கொடியைக்கூடத் தூக்கிட்டேன்; இப்போ திரும்ப எடுத்துப் பிரிச்சு இதை எழுதுறேன். தபால்காரர் வர மத்தியானம் ஆகும், அதுக்குள்ள கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்னு மலைக்குப் போனேன். மூணாவது தடவை துவைச்ச பட்டி மறுபடி கரியாகக் கூடாதேன்னு, பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கி நாலு துணிக்கிளிப் போட்டுக்கிட்டேன். உள்ள கிளோவிஸோட பழைய கால்சட்டை இருக்கு. அங்க செத்தவங்களைத் தவிர யாரும் பார்க்கவும் இல்ல.

லோனி, ஒரு மணி நேரம் ஓடிச்சு. ஊளை இல்ல, வாசனை இல்ல. வண்டி மனந்திரும்பிடுச்சுன்னு ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே, எஞ்சினை அணைக்காம, சீட்டுல இருந்தபடியே கிளிப்பைக் கழட்டினேன். பட்டி கீழ விழுந்துச்சு. சப்புன்னு ஒரு இழுப்பு! கால் வைக்கிற இடத்துல ஒரு கம்பிவலை இருக்கு பாரு, அது பட்டியை இழுத்து, பால் குடிக்கிற கன்னுக்குட்டி மாதிரி பிடிச்சுக்கிச்சு. வலைக்குக் கீழ ஒரு குட்டி ஃபேன். கியர்பாக்ஸுக்குக் காத்து கொடுக்கிறது ஒண்ணுதான் அதுக்கு வேலையாம், புஸ்தகத்துல நாப்பத்து மூணாம் பக்கத்துல படமே போட்டிருக்கு, நான் நாப்பத்து ரெண்டோட நிறுத்திட்டேன். ஈஸ்டர்ல இருந்து அதோட மூக்கைப் பொத்திக்கிட்டு மலை ஏறச் சொல்லியிருக்கேன். கரிக்கோடெல்லாம் அந்த வலையோட கட்டம்தான்.

ஆகவே உன் எண்ணெய் நல்ல எண்ணெய். கொதிக்க வச்சது பாஸ்டரோட பிரசங்கம். ஹோபார்ட் சொன்னபடி ஓட்டுற ஆளுக்குத்தான் சூடு. இந்த ஒரு வரியை மட்டும் படிச்சதும் கிழிச்சுப் போடு.

ஆனா நாளைக்கு நான் சபையில எழுந்து உண்மையைச் சொல்லத்தான் போறேன். வெட்கம் பார்த்தா ஜல்லி. வாயால சொன்னா நம்பமாட்டாங்க, அதனால ஹோபார்ட்டை என் பாவாடையை மடியில விரிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் மேடு ஏறச் சொல்லப் போறேன், எல்லாரும் சுத்தி நிக்க. தெர்மாமீட்டர் என் கையில. கம்பிப் பதம் வராம அவனை இறங்க விடமாட்டேன். கைப்பக்குவம் யாருக்குன்னு பார்த்துடலாம்.

நீ எண்ணெய் கொண்டுவர வேண்டாம். பூ வைக்கிற ஞாயிறுக்கு வா, ரெண்டு டஜன் மரத் துணிக்கிளிப் வாங்கிட்டு வா, சபைப் பொம்பளைங்க எல்லாருக்கும் வேணும். ஜெபக்குறிப்புல உன் பேரு நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும். இப்பவே எடுக்கச் சொன்னா காரணம் கேப்பாங்க, ஜெபம் ஒண்ணும் வீணாப் போகாது.

மேல் வரிசை முழுக்க வெட்டியாச்சு. கிளோவிஸ் பக்கத்துல வண்டியை நிறுத்தி, தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்தேன், நூத்து நாப்பது. கல்லுல அவர் பேர்லயும் என் பேர்லயும் புல் ஒட்டியிருந்துது. அந்தப் பட்டியாலேயே துடைச்சுவிட்டேன். அதுக்கும் ஒரு பிரயோஜனம் வேண்டாமா?