கரண்டிக்கு ஒரு பூட்டு

சூப்பில் மூன்று பேருமே உப்புப் போட்டிருந்தார்கள்.

"ருசி பாத்தேன், உப்பு இல்ல. போட்டேன்," என்றார் மாமனார்.

"நானும் பாத்தேன், இல்ல. நான் ஜாடியத் தேடிட்டு வர்றதுக்குள்ள நீங்க போட்டுட்டீங்களாப்பா?" என்றான் மச்சினன்.

வீட்டு மாப்பிள்ளையான கிடங்கு மேற்பார்வையாளர் உப்பு ஜாடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மூன்றாவது உப்பு அவர் கைங்கரியம்.

மறுநாள் அவர் மனைவிக்குப் பரீட்சையாம். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் மேல்படிப்பு. பாக்கி நின்றது ஒரே பாடம்: உயர்நிலைக் கணினிக் கட்டமைப்பும் இணைச் செயலாக்கமும். பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். போன தடவை கோட்டை விட்டுவிட்டாள். இந்தத் தடவையும் போனால் பட்டமும் இல்லை, ஆபீஸில் பதவி உயர்வும் இல்லை.

"நீ கதவச் சாத்திக்கிட்டுப் படி. வீட்ட நான் பாத்துக்கறேன்," என்று காலையில் மார்தட்டியிருந்தார். அவளுடைய புத்தகத்தைப் புரட்டியதில் அவருக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஒரு வேலையை நாலு பேர் ஒரே நேரத்தில் செய்தால் சீக்கிரம் முடியும். உடனே மாமனாரையும் மச்சினனையும் வரவழைத்துவிட்டார்.

இப்போது பூனை நடை நடந்து அறைக்கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னார்.

"பூட்டுப் போடணுங்க," என்று உள்ளிருந்து பட்டென்று பதில் வந்தது. "கரண்டி யார் கையில இருக்கோ, அவங்க மட்டுந்தான் பாத்திரத்துல கை வைக்கணும்."

புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. சற்று நேரத்தில் தீய்ந்த வாடையும் வந்தது.

மாமனார் கையில் கரண்டி. மச்சினன் கையில் மிளகுத்தூள் ஜாடி.

"ஜாடியக் குடுடா."

"கரண்டியக் குடுங்க, போட்டுட்டு ரெண்டையும் தர்றேன்."

"பெத்தவன்கிட்டயே நிபந்தனையா?"

மறுபடி கதவு.

"டெட்லாக்குங்க, ஆளுக்கு ஒண்ணப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நிக்கறது! மொதல்ல கரண்டி, அப்புறந்தான் ஜாடி. கரண்டி கிடைக்காதவங்க ஜாடியத் தொடவே கூடாது."

மூவரும் கரண்டிக்கு வரிசையில் நின்றார்கள். ஆளில்லாத சலவை இயந்திரம் கழன்ற குழாய் வழியாகக் கூடமெங்கும் நுரையைக் கக்கியது.

"எல்லாரும் ஒரே கரண்டிக்கு நின்னா மூணு பேர் எதுக்குங்க?" என்றது கதவு. "இடத்தப் பிரிச்சுக் குடுங்க. அவங்கவங்க பங்க அவங்கவங்க பாக்கட்டும்."

கூடம் மூன்று பங்கானது. மாமனார் தன் பங்குத் தண்ணீரை மச்சினன் பங்குக்குத் தள்ளினார். மச்சினன் அத்தானுக்குத் தள்ளினான்.

"என் பங்கு பளிங்கு மாதிரி காஞ்சிருச்சு, மாப்பிள்ளை!"

"என்னுதுந்தான், அத்தான்!"

மேற்பார்வையாளர் பல்லைக் கடித்துக்கொண்டு துடைப்பத்தை ஒரு வீசு வீசினார். மொத்த வெள்ளமும் படிக்கும் அறைக்கதவின் அடியில் புகுந்தது.

"ஐயோ! உள்ள வந்துருச்சாம்மா?" என்று கத்தினார்.

உள்ளிருந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார். "அழறா, மாமா. நாள் பூரா கதவத் தட்டித் தட்டி அவ படிப்பையே நாசம் பண்ணிட்டேன்."

"அதுக்குத்தான் நான் அப்பவே ஓட்டல்ல வாங்கிரலாம்னேன்," என்றார் மாமனார், தீய்ந்த பாத்திரத்தைச் சுரண்டியபடி.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஹெல்மெட்டும் கையுமாக ஒரு பெண். மனைவியோடு மாலை வகுப்பில் படிப்பவள்.

"அக்கா இருக்காங்களா? அந்தத் தடிப் புஸ்தகத்த வாங்கிட்டுப் போக வந்தேன்."

"மெதுவாப் பேசும்மா," என்று கெஞ்சினார் மேற்பார்வையாளர். "நாளைக்குப் பரீட்சைய வெச்சுக்கிட்டு அவளே நொந்து போயிருக்கா. இப்பப் போய் புஸ்தகத்தக் கேக்கறியே!"

அந்தப் பெண் நுரையில் ஊறிய மூன்று ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கா? போன மாசமே எழுதி முடிச்சு, நேத்து ரிசல்ட்டும் வந்தாச்சேண்ணா! வகுப்புலயே அக்காதான் முதல் மார்க்!"