கறியை ஆறவைப்பவரின் ஆசி கோரி

மதிப்பிற்குரிய கெனெஸ்பாய் பெரியப்பா அவர்களுக்கு,

அல்மாட்டியிலிருந்து தங்கள் தம்பி மகள் கம்ஷாத் வணங்கி எழுதுவது. அங்கே மந்தையும் மக்களும் நலமென நம்புகிறேன். தங்கள் இடது முழங்காலும் பெரியம்மாவின் இரத்த அழுத்தமும் இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? இங்கே நானும் என் கணவரும் நலம். ஆப்பிள் பூத்த மறுநாளே பனி கொட்டியதால் மரங்கள் நலமில்லை. தம்பி எர்மெக் நலம். அவன் மனைவி தோர்கின் உடம்பளவில் நலம்.

தாங்கள் என்னிடம் கேட்டது ஓர் அறிக்கை. "நீ காலேஜுல புள்ளிவிவரம் சொல்லிக் குடுக்கிறவ. அழவும் மாட்ட, சிரிக்கவும் மாட்ட. நீயே போய்ப் பாரு. அவ மேடையில பாடுறது நம்ம குடும்பத்துக்கு அவமானமா இல்லையா, ரெண்டுல ஒண்ணு எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறக்குமுன் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். அதன் பின் எடுக்கவே இல்லை. ஆகவே காகிதத்தில் எழுதி, தராஸ் வரும் டாக்ஸிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை தோர்கினின் வேன் புறப்படுகிறது. முதல் ஊர் தங்கள் தராஸ், பிறகு ஷிம்கெந்த், கிசிலோர்டா என்று மொத்தம் பதினோரு ஊர்கள். தங்கள் ஆசி இல்லாமல் வேனில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். அவள் ஏறாவிட்டால் பயணம் ரத்து, இன்னொரு முறை அழைக்க மாட்டோம் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். தாங்களோ அவள் பாட்டைக் கேள்விப்பட்ட பிப்ரவரியிலிருந்து யாருக்குமே ஆசி சொல்வதில்லை. விருந்தில் ஆசிக்கு உள்ளங்கைகளை விரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு "சாப்பிடுங்க" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறீர்களாம். இந்த நவ்ரோஸ் புத்தாண்டுக்குத்தான் வீட்டில் எல்லோரும் முதன்முதலாகச் சூடாகச் சாப்பிட்டார்கள் என்று கேள்வி.

இதை நான் தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றபடி எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், ஜன்னல் வரை நடக்கிறேன், திரும்பி வந்து ஒரு வரியை அடிக்கிறேன். காப்பியடிக்கிறவர்களைத்தான் நோட்டம் விடுகிறேன் என்று நினைத்து நாற்பது மாணவர்களும் தலையைத் தூக்காமல் எழுதுகிறார்கள். அந்த வகையில் பயன்தான்.

முதலில் அவள் வரலாறு. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பத்தில் எல்லோரும் எர்மெக் அவளை ஏதோ கூத்துக் கொட்டகையிலிருந்து கூட்டி வந்ததுபோலப் பேசுகிறார்கள். அவள் முறையாக இசைப் பள்ளியில் தோம்பிராவின் இரண்டு தந்தியையும் படித்தவள். பிறகு ஆறு வருடம் ஒரு பெரிய இசைக்குழுவில் நான்காவது வரிசையில், தலையில் ஆந்தை இறகுத் தொப்பியோடு வாசித்தவள். அந்த வரிசைக்கு ஒரே விதிதான், பல் தெரியாமல் புன்னகைக்க வேண்டும். ஒரு விழாவில் ஓர் அதிகாரி முப்பது நிமிடம் பேசிவிட்டு "சுருக்கமாகச் சொன்னால்" என்று ஆரம்பித்தபோது இவளுக்குப் பல் தெரிந்துவிட்டது. வேலை போனது. பிறகு கல்யாணம். கல்யாணமான பிறகு மூன்று வருடம் நம் வீட்டு விருந்துகளில் தேநீர் ஊற்றினாள். பெரியப்பா, தேநீர் ஊற்றுகிறவள் உட்காரும் இடத்தைத் தாங்கள் கவனித்ததுண்டா? தேநீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில், வாசலை ஒட்டி. அங்கிருந்து எல்லோர் முகமும் தெரியும், அவளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நாம்தான் அவளை அங்கே உட்கார வைத்தோம்.

முதல் பாட்டு எப்படி வந்தது என்பதும் தங்களுக்குத் தெரிய வேண்டும். எர்மெக்கின் நண்பன் கல்யாணத்தில், மணப்பெண்ணின் முகத்திரை விலக்கிப் பாட வேண்டியவர் கொர்தாய் கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டார். பெண் திரைக்குள் வேர்த்துக்கொண்டு நிற்கிறாள், மாமியார் வீட்டார் வரிசையாக நிற்கிறார்கள், பாட ஆளில்லை. தோர்கின் தோம்பிராவை எடுத்தாள். வழக்கமாகப் பாட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராகக் கிண்டலாகப் பாடி அறிமுகப்படுத்துவார், ஒவ்வொருவருக்கும் பெண் குனிந்து வணங்குவாள், வணக்கம் வாங்கியவர் முன்னே வந்து ஒரு பரிசு வைப்பார். அதைத்தான் செய்தாள். ஆனால் தானும் மருமகள் என்பதால் மருமகளே சொல்வதுபோலப் பாடினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். இப்போது புதன்கிழமைதோறும் ஒரு காப்பிக் கடையின் நிலவறையில் அதையேதான் ஒன்றேகால் மணி நேரம் செய்கிறாள். நடுவில் பேச்சு, பேச்சுக்கு நடுவில் பாட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் முடிவில் ஒரு வணக்கம்.

இனி குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அவள் யார் பெயரையும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது என்பது நம் விதி, அவள் விதியை மீறவில்லை. நம் வழக்கப்படியே ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுப் பெயர் வைத்திருக்கிறாள். தங்களுக்கு வைத்த பெயர் "கறியை ஆறவைப்பவர்." அந்தப் பாட்டைத் தாங்கள் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள், ஆகவே முழுதாகத் தருகிறேன்: பெரியவர் ஆசிக்குக் கை விரித்தார், தட்டிலே ஆவி பறந்தது. குதிரைகளை வாழ்த்தினார், ஆவி நின்றது. ஒட்டகங்களை வாழ்த்தினார், கொழுப்பு உறைந்தது. அண்டை நாட்டு ஒட்டகங்களுக்கு வந்தபோது கறி எழுந்து மேயப் போனது. இதில் கடைசி அடி மிகை. மற்றவற்றைச் சரிபார்த்தேன். தங்கள் கடந்த நான்கு விருந்து ஆசிகளின் காணொளிகள் சித்தி மகளிடம் இருந்தன. சராசரி பத்தொன்பது நிமிடம். நான் குறை சொல்லவில்லை, அளந்தேன்.

நம் ஆட்கள் யாரென்று ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்த அறிக்கையின் மையம். அவள் காட்டிக் கொடுக்கவில்லை. நான் முதல் முறை போனபோது பாத்திமா அத்தை எனக்கு முன்பே இரண்டாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "நான் வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. அவ வாயத் திறக்கட்டும், நடுச்சபையில எழுந்து நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேன்" என்றார். தோர்கின் "மூட்டை அத்தை" என்று ஆரம்பித்தாள். விருந்துக்கு ஒரு பையோடு போய், மிச்சப் பண்டம் நிரம்பிய மூன்று பையோடு திரும்புவதும், லிஃப்டில் பைகள் ஏறி அத்தைக்கு இடமில்லாமல் போனதும், பைகள் தனியே ஏழாவது மாடிக்குப் போய் அங்கே ஒரு குடும்பத்துக்கு விருந்தானதும் பாட்டில் வந்தன. பாடி முடித்து, தோம்பிராவை இறக்கி, கையை முழங்காலில் வைத்துக் குனிந்து வணங்கினாள். அத்தை எழுந்தார். நான் பயந்தேன். அத்தை நேராக மேடைக்குப் போய், தன் பட்டுச் சால்வையை எடுத்து தோர்கினின் தோளில் போர்த்தி, நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அறுபது வருடப் பழக்கம், கால் தானாகப் போயிருக்கிறது. உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மொத்த அறையும் எழுந்து நின்று கை தட்டியது.

"நான்தான்னு தெரிஞ்சு போச்சா?" என்று என் காதில் கேட்டார்.

"தெரிஞ்சு போச்சு அத்தை."

"அவ பாடினது தப்புடி. ஏழாவது மாடி இல்ல, ஒன்பதாவது. இத யாராவது அவகிட்ட சொல்லணும்."

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தை அங்கிருந்தபடியே சத்தமாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது முறை சாபித் அண்ணன். தங்கள் மூத்த மகனைப் பற்றித் தங்களிடமே எழுதுவதற்கு மன்னிக்கவும். நிகழ்ச்சியை நிறுத்தத்தான் வந்தார். காப்பிக் கடைக்காரரிடம் "ஒரே ஒரு போன் போட்டா போதும், நாளைக்கு இந்த இடத்துக்குப் பூட்டு" என்றார். கடைக்காரர் "கீழ சிக்னல் கிடைக்காது அண்ணே, நாலாவது படியில நின்னு பேசுங்க. அஞ்சாவதுன்னா தலை இடிக்கும்" என்றார். அண்ணன் ஐந்தாவது படியில் நின்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தபோது தோர்கின் "ஒரே போன் அண்ணன்" பாட்டின் கடைசி அடியில் இருந்தாள்: பள்ளிக்கூட சீட்டுக்கு ஒரு போன், பனி நிற்பதற்கு ஒரு போன், அண்ணி கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனபோது மட்டும் சார்ஜ் இல்லை. வணங்கினாள். அண்ணன் நடந்து போனார். மேடைக்குப் போன பிறகு சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவினார், வைக்க ஒன்றுமில்லை. கையில் இருந்ததை வைத்தார். அந்தப் போனை.

மறுநாள் தோர்கின் எங்கள் வீட்டில் இருந்தபோது வந்து போனைத் திருப்பிக் கேட்டார். முகம் பார்த்து வைத்த பரிசைத் திருப்பித் தந்தால் இரு பக்கமும் அபசகுனம் என்று தோர்கின் அழாத குறையாகச் சொன்னாள். கடைசியில் உள்ளிருந்த சிம் கார்டை மட்டும் எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி மரியாதையோடு கொடுத்தாள்.

என் முடிவு இதுதான். நிலவறைக்கு வருகிற வெளியாட்கள் எவரும் எழுந்து மேடைக்குப் போவதில்லை. போகிறவர்கள் நம் குடும்பத்தார் மட்டுமே. ஆகவே அடையாளம் காட்டிக்கொள்வது நாம். மேலும், நம் வழக்கப்படி பரிசு வைத்தவர் மருமகளின் முகத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டவர். ஏற்றுக்கொண்ட பிறகு முகம் சரியில்லை என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. அத்தையும் அண்ணனும் தங்களிடம் செய்த புகார்கள் இதன்படி செல்லாது. கொஞ்சம் நிதானம் உள்ள ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் நாற்காலியை விட்டு எழவில்லை. என்னைப் பற்றி அவள் பாடவில்லைதான். பாட என்னிடம் ஒன்றுமில்லை, இருந்திருந்தாலும் படித்தவர்கள் ஒரு பாட்டுக்காகக் குதித்தெழுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று அவளை நேரடியாகவே கேட்டேன். பதினோரு ஊர் உடைகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பெட்டியை மூடவில்லை.

"ஆசி இல்லாமலே போனா என்ன? உன் வயசுல எல்லாரும் போறாங்க."

"போகலாம் அக்கா. ஆனா பெரியவர் ஆசிக்குக் கை விரிச்சாத்தான் அது விளையாட்டு. அவர் முகத்தத் திருப்பிக்கிட்டா நான் பாடுறது வெறும் பழிப்பு."

"அப்ப அந்தப் பாட்ட விட்டுடு."

"ஆசிய நம்பித்தானே அந்தப் பாட்டே. அவர் அவ்வளவு நேரம் வாழ்த்துறார்னா, வாழ்த்த அவ்வளவு பேர் அவர் மனசுல இருக்காங்கன்னு அர்த்தம். கடைசி அடிக்கு அப்புறம் நான் எப்பவும் நிஜமாவே கும்பிடுறேன் அக்கா. யாரும் கவனிக்கிறதில்ல."

நான் கவனித்திருந்தேன். மற்றவர்களுக்கு ஒருமுறை குனிகிறாள். தங்களுக்கு மூன்று முறை.

எனவே, பெரியப்பா, இது அவமானம் அல்ல என்று அறிக்கை தருகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எர்மெக் போன் செய்வான். எடுத்து, கை விரித்து, ஆசி சொல்லுங்கள். வேன் ஏழே முக்காலுக்குத்தான் கிளம்புகிறது. ஒட்டகங்கள் வரை போக நேரம் இருக்கிறது.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். பேரப் பிள்ளைகளின் நெற்றிக்கு முத்தம். தங்கள் கூரை உயரமாகவும், அடுப்பு அணையாமலும், வாசல் விருந்தாளி குறையாமலும் இருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
கம்ஷாத்

பி.கு. வியாழன் காலை, எங்கள் வீட்டுச் சமையலறை. மேலே கண்ட அறிக்கையை முழுவதுமாக ரத்து செய்கிறேன். ஆசி கொடுக்காதீர்கள். எழுத்து கோணலாகவும் பெரிதாகவும் இருப்பதற்கு மன்னிக்கவும், கண்ணாடி இல்லை. நேற்று மாலை நான்காவது முறையாகப் போனேன். அறிக்கை முடிந்துவிட்டது, சும்மாதான் போனேன். புதுப் பாட்டு ஒன்று பாடினாள். எங்கள் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறாள், விருந்தில் யார் எந்த ஜோக் சொன்னாலும் முகம் கல், உதடு கோடு. "பாத்திரம் கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போவாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். ஐந்து நிமிடம் தண்ணீர் கொட்டும். கண் சிவந்து, மூக்குச் சிவந்து திரும்பி வருவாள், கையில் கழுவிய ஒரே ஒரு கரண்டியோடு. இப்படிப் பாடினாள். இருபத்திரண்டு வருடமாக என் கணவருக்கே தெரியாத விஷயம், பெரியப்பா. அந்தச் சமோவார் மூலையில் அவளை உட்கார வைத்தது யார் என்று தெரியவில்லை. அவள் வணங்கினாள். நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மேடை. என் கண்ணாடியைக் கழற்றிப் பரிசுத் தட்டில் வைத்திருந்தேன். திரும்பும்போது ஒன்றும் தெரியாமல் யாரோ ஓர் இளைஞனின் மடியில் உட்கார்ந்துவிட்டேன். என் பழைய மாணவனாம்.

பரிசு வைத்துவிட்டதால் நான் புகார் சொல்ல முடியாது. தாங்கள் எதுவும் வைக்கவில்லை, தடுக்கும் உரிமை தங்களுக்கு மட்டுமே மிச்சம். தராஸில் மட்டும் என் மாணவர்கள் முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் போன் வந்தால் எடுக்காதீர்கள். கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்க வேண்டும். முன்னறையிலிருந்து என் கணவர் "என்ன இது, அரை மணி நேரமாத் தண்ணி ஓடுது? கழுவுறதுக்கு அப்படி என்ன இருக்கு?" என்று கத்துகிறார்.

"ஒரு கரண்டி" என்றேன்.