லாஸ்ட் நேம்: சண்முகம்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு வேலைக்கு ஆன்லைன்ல ஃபார்ம் ரொப்பணும்.

பழைய கம்பெனில ஆளைக் குறைச்சப்போ என்னையும் சேர்த்துக் குறைச்சுட்டாங்க. மூணு மாசமா பட்டாபிராம் வீட்லதான் இருக்கேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் ஆள் வேணும்னு கேள்விப்பட்டதும் லேப்டாப்பைத் திறந்துட்டேன்.

ஃபர்ஸ்ட் நேம்? தினேஷ்.

லாஸ்ட் நேம்? அதான் நமக்குக் கிடையாதே! இனிஷியல்தானே உண்டு. 'எஸ்'னு அடிச்சேன். மூணு எழுத்தாவது வேணும்னு சிவப்புல திட்டுச்சு.

'எஸ்எஸ்எஸ்'னு அடிச்சேன். ஏத்துக்கிச்சு! ஆனா படிச்சுப் பாத்தா பாம்பு சீறுற மாதிரி இருந்துச்சு. அழிச்சுட்டு, அந்த எஸ்ஸுக்கு உரிய அப்பா பேரையே முழுசா போட்டேன். சண்முகம்.

அடுத்து போன் நம்பர். என் போன்ல டச் வேலை செய்யல, ரிப்பேருக்குக் குடுக்கணும். அதனால அப்பா நம்பரைப் போட்டேன். என்ன ஒரு அறிவு!

அப்பா ஆவடி பக்கம் டிஃபென்ஸ் ஃபேக்டரில முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. இப்போ வீட்ல நல்லா இருக்கிற குழாயையெல்லாம் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்காரு.

இன்னிக்குக் காலைல போனை எடுத்துட்டுக் கிளம்பி, அம்பத்தூர்ல கடையைத் தேடி, டிஸ்ப்ளே மாத்தி, ட்ரெயின் புடிச்சுத் திரும்பி வர மதியம் ரெண்டு மணி ஆயிடுச்சு. அப்பா ஷேவ் எல்லாம் பண்ணிட்டு ஜோரா உக்காந்திருந்தாரு.

"இன்னாப்பா, எதுனா விசேஷமா?"

"ஒரு கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு பேசிச்சுடா. 'மிஸ்டர் சண்முகமா?'ன்னுச்சு. ஆமான்னேன். 'வேலை விஷயமா நாலு கேள்வி கேக்கலாமா சார்?'ன்னுச்சு. தாராளமா கேளும்மான்னேன்."

"அது எனக்கு வந்த கால்ப்பா!"

"என் போன்ல, என் பேரைச் சொல்லிக் கூப்ட்டா, அது எப்டிடா உன்க்கு வந்த காலு?"

நியாயமான கேள்வி.

"எத்தினி வருஷம் எக்ஸ்பீரியன்ஸுன்னு கேட்டுச்சு. முப்பத்தாறுன்னேன். 'ஆறுன்னு போட்டிருக்கு சார்'னுச்சு. முப்பதை உட்டுட்டீங்கம்மான்னேன்."

"ஐயோ!"

"பழைய வேலையை ஏன் உட்டீங்கன்னுச்சு. நான் எங்க உட்டேன், அவங்களேதான் மாலை போட்டு, ஜீப்ல ஏத்தி, ஊட்டாண்ட எறக்கி உட்டுட்டுப் போய்ட்டாங்கன்னேன்."

"அப்புறம்?"

"ப்ரெஷரை எப்டி ஹேண்டில் பண்ணுவீங்கன்னுச்சு. காலைல ஒரு மாத்திரை, சாப்பாட்ல உப்பு கம்மி, கன்ட்ரோல்ல கீதுன்னேன். அக்கறையான பொண்ணுடா."

தலையில கை வெச்சு உக்காந்துட்டேன். அவர் நிறுத்தல.

"ஊட்லேர்ந்தே வேலை செய்ய முடியுமான்னுச்சு. ஊட்ல இருக்க முடியாமதாம்மா உன்னாண்ட பேசிகினு கீறேன்னேன்."

கடைசியா பயந்துகிட்டே கேட்டேன். "சம்பளம்?"

பழசைவிட முப்பது பர்சன்ட் கூடக் கேக்கணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு நேத்து ராத்திரி பூரா பேசிப் பழகி வெச்சிருந்தேன்.

"நீங்களே பாத்துக் குடுங்கம்மான்னேன்."

போச்சு!

அவர் போனைப் புடுங்கி அந்த நம்பருக்கு அடிச்சேன். "மேடம், காலைல நீங்க பேசுனது கேண்டிடேட் இல்ல. என்னோட லாஸ்ட் நேம்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அதான பாத்தேன்! டெஸ்டிங்ல என்ன டூல்ஸ் தெரியும்னு கேட்டா, ஸ்பேனர்லேர்ந்து ஆரம்பிச்சாரு சார்! சரி, திங்கக்கிழமை நீங்க நேர்ல வந்துடுங்க."

விஷயத்தைச் சொன்னதும் அப்பா முகம் சுருங்கிடுச்சு. "அப்போ அது உன்க்குத்தானா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அந்த முப்பத்தாறு வருஷத்தைப் பத்தி இந்த ஒரு வருஷத்துல யாருமே அவரை ஒரு கேள்வி கேக்கல. நானும்தான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "கம்பெனி கேட் வரைக்கும் துணைக்கு வாப்பா"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்.

என் சட்டையை இப்பவே இஸ்திரி போட்டு மாட்டி வெச்சுட்டாரு. பக்கத்துல அவர் சட்டை. அதோட பாக்கெட்டுல அவரோட ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.