குயில் கூவிய பிறகுதான் சைடர்

நெதர்காம்ப், சாமர்செட்
11 ஏப்ரல் 1978

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து எனிட் அக்காவுக்குத் தம்பி சிரில் எழுதுவது. இங்கே என் வீட்டுக்காரி மேவிஸின் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அத்தானின் வயிற்றுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, குயில் கூவிவிட்டது! இன்று காலை ஏழேகாலுக்கு, வேலிக்கு அந்தப் பக்கம், கணீரென்று இரண்டு தடவை! அக்டோபரில் ஆப்பிள் பிழிந்து புளிக்க வைத்த சைடரை வசந்தத்தின் முதல் குயில் கூவும்வரை தொடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆறு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "இந்த வருஷமும் உன் சைடர் வினிகர் மாதிரி இருந்துச்சுன்னா, என் பங்குல நிக்கிற அந்த ஆப்பிள் மரத்த வெட்டிட்டுக் கார் கொட்டகை போட்டுடுவேன். மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து குடிச்சுப் பாப்பேன்." அப்பா நட்ட மரம் அக்கா அது. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

சைடர் பக்கம் கை போகாமலிருக்கத்தான் நவம்பரிலேயே வீட்டில் பீர் காய்ச்சினேன். பீருக்கு வாளியில் நுரை அடங்க இரண்டு வாரம், பாட்டிலில் ஊற ஒரு மாதம் போதும். ஆனால் பீர் பக்கம் கை போகாமலிருக்க என்ன காய்ச்சுவது? வாளியில் ஆறே நாள் விட்டு அவசரமாகப் பாட்டிலில் அடைத்துத் துணி அலமாரியில் வைத்தேன், அதில் ஐந்து வெடித்து மேவிஸின் படுக்கை விரிப்பு, சர்ச்சுக்குப் போடும் தொப்பி எல்லாம் நனைந்து, அடுத்த ஞாயிறு பாதிரியார் அவள் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சி, "வீட்ல எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று கேட்க, அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மிச்சத்தைப் பச்சைத் தண்ணீர் மாதிரி பத்து நாளில் குடித்துத் தீர்த்தேன். பிப்ரவரியில் கொதிகலனுக்குப் பின்னால் மறந்துபோன ஒரே ஒரு பாட்டில் கிடைத்தது. என்ன ருசி! காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அன்றைக்கே சைடர் கொட்டகைச் சாவியை மேவிஸிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று குயில் கூவியதும் நான் செருப்பு மாட்டுவதற்குள் பக்கத்து வீட்டுப் பெர்சி கண்ணாடிக் குவளையோடு வாசலில் நிற்கிறான். "கேட்டுச்சா சிரில்? குயிலுப்பா!" மேவிஸிடம் சாவி வாங்கி முதல் ஜாடியைத் திறந்தோம். பல் கூசியது. "முதல் ஜாடி எப்பவும் அப்படித்தான், அடுத்தத பாரு" என்றான் பெர்சி. அடுத்ததும் கூசியது. இப்படியே நான்கு ஜாடி.

"ஏங்க, பல்லு கூசுதுன்னு சொல்றீங்க, குவளைய மட்டும் கீழ வெக்க மாட்டேங்கறீங்களே!" என்று மேவிஸ் ஐந்தாவதைப் பூட்டிவிட்டாள். கவலைப்படாதே. அந்த ஐந்தாவது ஜாடி உனக்குத்தான். அதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை. அதுவரை மரத்தின் பக்கம் யாரையும் அனுப்பாதே.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், உன் பூனைக்கும் என் விசாரிப்பு.

உன் தம்பி,
சிரில்

பின்குறிப்பு, 27 ஏப்ரல்: முப்பத்தொரு வருஷம் தபால்காரனாக இருந்த நான் இந்தக் கடிதத்தைக் கோட்டுப் பையிலேயே மறந்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று. அன்றைக்கு வேலிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கூவிய குயில் பெர்சிதானாம்! நேற்று மதுக்கடையில் அவனே உளறிவிட்டான். இன்று காலை அவனை நாலு வார்த்தை கேட்கக் கிளம்பினேன். அப்போது நிஜக் குயில் கூவியது அக்கா, உன் மரத்திலிருந்தே, பூத்துக் குலுங்கும் அந்த மரத்திலிருந்தே! நான் கேட்காமலே மேவிஸ் சாவியோடு வந்தாள். "ஒரே ஒரு ஸ்பூன்" என்றாள். பெர்சியும் ஓடி வந்தான். பொன் நிறம், அப்பா போடுவாரே, அச்சு அசல் அதே ருசி. மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் உன் ஐந்தாவது ஜாடியும் காலி.

மரத்தை வெட்டிவிடாதே அக்கா. அப்படி ஒரு சைடர் இருந்தது என்பதற்கு மூன்று சாட்சி உண்டு. நானும் மேவிஸும் வீட்டு ஆட்கள், எங்கள் பேச்சை நீ நம்பமாட்டாய். அதனால் உன் முன்னால் வந்து சத்தியம் செய்யப் பெர்சி ஒப்புக்கொண்டிருக்கிறான்.